ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஸ்பானிஷ்: முதல் நாளை எப்படித் தொடங்குவது?

கோத்தகிரி டீச்சர் கேட்டது:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வரும் ஜூனில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு ஸ்பானிஷ் புதிதாகத் தொடங்குகிறோம். வாரம் மூன்று பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்புக்கு 30 பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், படுக மொழி பேசுகிறவர்கள், மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். பாடங்கள் இங்கிலீஷில். ஸ்பானிஷ் ஒரு சொல்கூட யாருக்கும் தெரியாது.

முதல் நாள் எழுத்திலிருந்து தொடங்குவதா, வணக்கம் சொல்வதிலிருந்தா? வகுப்பு முழுக்க ஸ்பானிஷிலேயே பேச வேண்டுமா, நடுவில் தமிழ் வரலாமா? சில இடங்களில் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பெயர் வைக்கிறார்களே, அது தேவையா? நம் பிள்ளைகளின் உச்சரிப்பு எங்கே தடுக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் முன்கூட்டியே தயாராகலாம். மழைக்காலத்தில் கரன்ட் அடிக்கடி போய்விடும், அதனால் புரொஜெக்டரை நம்பாத வழியாகச் சொல்லுங்கள்.

குன்னூர் மொழிப்பாடம் எழுதியது:

டீச்சர், முதல் நாள் எழுத்து வேண்டவே வேண்டாம். ஸ்பானிஷ் அகரவரிசையில் 27 எழுத்துகள். போர்டில் எழுதிய அடுத்த நொடியே பிள்ளைகள் அவற்றை இங்கிலீஷ் எழுத்துகளாக வாசித்துவிடுவார்கள். அப்படி ஒருமுறை படிந்த உச்சரிப்பைக் கழற்றுவதற்குள் ஒரு டெர்ம் போய்விடும். முதல் இரண்டு வாரம் காதுக்கும் வாய்க்கும்தான் வேலை. நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும்.

வகுப்பு வாசலிலேயே தொடங்குங்கள். கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "ஓலா" (வணக்கம்) சொல்லுங்கள், அவர்கள் திருப்பிச் சொன்னதும் உள்ளே விடுங்கள். ஒருவருக்கு ஏழெட்டு நொடி, முப்பது பேருக்கு நாலு நிமிடம். முதலில் உள்ளே போனவர்கள் சும்மா இருந்தால் சத்தம் கிளம்பும். அதனால் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டையை வைத்துவிடுங்கள், பெயரை எழுதிக் கூடாரம்போல் மடித்து நிறுத்தட்டும்.

அடுத்த பத்து நிமிடம் பெயர் சொல்வது. ஒரு கம்பளி நூல் உருண்டை போதும். "மே யாமோ" (என் பெயர்) என்று சொல்லி உங்கள் பெயரைச் சேர்த்து, "இ தூ?" (நீ?) என்று கேட்டபடி ஒருவரிடம் எறியுங்கள். உங்கள் வாயால் மூன்று தடவையாவது கேட்ட பிறகுதான் அவர்கள் முறை. முப்பது பேரையும் ஒரே வட்டமாக நிறுத்தினால் பாதியிலேயே கவனம் கலைந்துவிடும். இரண்டு தடவை எல்லார் முன்னாலும் செய்துகாட்டிவிட்டு, பத்துப் பத்துப் பேராக மூன்று வட்டம் பிரியுங்கள். "மே யாமோ எஸ் குமார்" என்று நடுவில் ஒரு "எஸ்" நுழையும். அது இங்கிலீஷிலிருந்து வருவது. திட்டாமல் நீங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

அதன் பிறகு பத்து நிமிடம் உடம்பு வேலை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறை இது: ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளைகள் வாய் திறக்காமல் செய்து காட்டுவார்கள். லெவான்தென்ஸே என்றால் எழுந்திருங்கள், ஸியேன்தென்ஸே உட்காருங்கள், மீரென் பாருங்கள், எஸ்கூச்சென் கேளுங்கள், தோக்கென் தொடுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆறாவது வந்தால் முதலாவது மறந்துபோகும். முதலில் நீங்களும் செய்தபடி சொல்லுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள், பிறகு வரிசையை மாற்றுங்கள். வரிசையை மாற்றாவிட்டால் பிள்ளைகள் சொல்லைப் பிடிக்காமல் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஜூன் மாதக் காலைக் குளிரில் எழுந்து உட்கார்வது உடம்புக்கும் நல்லது.

அடுத்தது "மே கூஸ்தா". இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி. "மே கூஸ்தா எல் தே" என்பது அப்படியே "எனக்கு டீ பிடிக்கும்". இங்கிலீஷ் வழியாகப் போனால் "நான்" என்று தொடங்கி "யோ கூஸ்தோ" என்று தப்பாக வரும். தமிழிலிருந்து நேராக வந்தால் பிழைக்கு இடமே இல்லை. "மே துவேலே லா கபேஸா", எனக்குத் தலை வலிக்கிறது, அதே அச்சு. வயதும் அப்படித்தான்: ஸ்பானிஷில் வயது என்பது ஒருவரிடம் உள்ளது, அவரே வயது அல்ல. "தேங்கோ தோஸே ஆஞோஸ்", எனக்கு 12 வயசு. "ஸோய் தோஸே" என்று யாராவது சொன்னால் இங்கிலீஷ் குறுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் நமக்குப் புதிதில்லை. "வந்தேன்" என்றாலே யார் என்று தெரிகிற மாதிரி, "ஆப்லோ" என்றாலே பேசுவது நான்தான்.

நடுவில் தமிழ் வரலாம் என்பதற்கும் இதுதான் பதில். வணக்கம், கட்டளை, விளையாட்டு, பாராட்டு எல்லாம் ஸ்பானிஷில் நடக்கட்டும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் தமிழில் இரண்டே வாக்கியம். "தூ", "உஸ்தேத்" இரண்டையும் விளக்க ஒரு நிமிடம் போதும், நீ, நீங்கள் என்றால் புரிந்துவிடும். ஸ்பெயின் நாட்டுப் பள்ளிகளில் பல இடங்களில் ஆசிரியரையே "தூ" என்று அழைப்பார்கள். நம் வகுப்பில் டீச்சருக்கு "உஸ்தேத்" இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் அதுதான் இயல்பாக வரும்.

கடைசி ஐந்து நிமிடம் மறுபடி வாசல். பெயரைச் சொல்லி விடைபெற்றுப் போக வேண்டும். மறுநாள் பீரியட் இருந்தால் "ஆஸ்தா மஞானா", இல்லாவிட்டால் "ஆஸ்தா லுவேகோ". வாரம் மூன்று நாள்தான் வகுப்பு என்பதால் இதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

ஸ்பானிஷ் பெயர் வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை புது மொழியில் முதன்முதலாகச் சொல்லும் வாக்கியம் தன் சொந்தப் பெயரோடு இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். நாளைக்கு ஒரு மெக்சிகோக்காரரைப் பார்த்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லப்போகிறார்கள்.

கூடலூர் ஒலியியல் எழுதியது:

உச்சரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில் நமக்குச் சாதகமானவை. ஸ்பானிஷுக்கு உயிரொலி ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. குறில் நெடில் பேதம் கிடையாது, இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு. ப, த, க மூச்சுக்காற்று இல்லாமல் வரும், தமிழ் மாதிரியே. த என்பது பல்லில் நாக்கு தொடும் தகரம்தான். இங்கிலீஷ் பழக்கத்தில் டகரம் போட்டால் உடனே திருத்துங்கள். "நாதா" என்ற சொல்லின் நடுவே வரும் மெல்லிய தகரம் "அது" என்பதில் உள்ள அதே ஒலி. ஞகரமும் நம்மிடம் இருக்கிறது. அதைத் தளர்த்தி "ஆனோஸ்" என்று விட்டுவிட்டால் வயது போய்க் கூச்சப்பட வைக்கும் வேறு சொல் வந்துவிடும், முதல் நாளே ஞகரத்தை அழுத்திச் சொல்லவையுங்கள்.

இனி தடுக்கும் இடங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் எகரம் வந்தால் நாம் யகரம் சேர்ப்போம், ஒகரம் வந்தால் வகரம் சேர்ப்போம். "எது" என்பது பேச்சில் "யெது", "ஒண்ணு" என்பது "வொண்ணு". அதே பழக்கத்தில் "எல்" என்பது "யெல்" ஆகும், "ஓலா" "வோலா" ஆகும், "ஓச்சோ" "வோச்சோ" ஆகும். காரணம், குரல் தொடங்கிய பிறகு உதடு நகர்கிறது. திருத்துவது சுலபம்: சத்தம் இல்லாமல் முதலில் உதட்டை ஒகரத்துக்குக் குவித்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு நொடி நிறுத்தி அப்புறம் குரல். கைக்கண்ணாடி இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று கொடுங்கள், தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

அடுத்தது ஈற்றில் ஒட்டும் உகரம். "பஸ்ஸு", "காரு" என்று சொல்லும் வாய் "செஞோரு", "அசூலு" என்றும் சொல்லும். ஸ்பானிஷில் கடைசி உயிர்தான் ஆண்பாலா பெண்பாலா என்று காட்டும் இடம், அங்கே கூடுதலாக ஓர் உயிர் ஒட்டினால் கேட்பவர் குழம்புவார். மெய்யில் முடியும் சொல்லைச் சொன்னதும் கைமுஷ்டியை மூடச் செய்யுங்கள். கை மூடினால் வாயும் மூடும். (சொல் தொடக்கத்தில் நாம் சேர்க்கும் உயிர் வேறு கதை. "இஸ்கூல்" என்று நம் ஊரில் சொல்கிற மாதிரி ஸ்பானிஷ்காரர்கள் தாங்களே "எஸ்குவேலா" என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதைச் சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியே தேவையில்லை.)

மூன்றாவது, இரண்டு உயிருக்கு நடுவே வரும் ப, த, க. தமிழில் அந்த இடத்தில் ஒற்றையாக வந்தால் மெலியும், இரட்டித்தால்தான் வல்லினமாக நிற்கும். ஸ்பானிஷில் ஒற்றையாகவும் இருக்கும், வல்லினமாகவும் இருக்கும். பூனைக்கான சொல்லை மெலித்தும் சொல்லக் கூடாது, "காத்தோ" என்று தகரத்தில் தங்கியும் சொல்லக் கூடாது. இரண்டு கைதட்டில் அந்தச் சொல் முடிய வேண்டும், தகரத்துக்கு என்று தனித் தட்டு கிடையாது. இதற்குத் தினம் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், ஒரே நாளில் வராது.

உருளும் ரகரம்: "பேரோ" என்றால் ஆனால், அதே சொல்லில் ரகரத்தை உருட்டினால் நாய். சாதாரண ரகரம் நம்முடையதுதான். உருட்டுவது சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். வராத பிள்ளையை எழுப்பி நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் அந்தப் பிள்ளை பிறகு வாயே திறக்காது.

அழுத்தம் விழும் இடத்துக்கு விதி மிக ஒழுங்கானது. உயிர், ன், ஸ் இவற்றில் முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். விதியை மீறும் சொல்லுக்குத் தலையில் சாய்கோடு போட்டிருப்பார்கள். முதல் வாரம் விதியைச் சொல்ல வேண்டாம், மேசையில் தட்டிக் காட்டினால் போதும். உருளைக்கிழங்குக்கும் அப்பாவுக்கும் ஒரே ஒலிகள், முதல் அசையில் தட்டினால் கிழங்கு, இரண்டாவதில் தட்டினால் அப்பா. இந்த ஒரு ஜோடி போதும், அழுத்தம் என்றால் என்ன என்று வகுப்பே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூலையில் தகரக் கூரையில் மழை விழுந்தால் ஸ்பீக்கர் எடுபடாது. பதிவு செய்த ஒலியைக் கேட்கவைக்கும் வேலையைச் செப்டம்பருக்குத் தள்ளிவையுங்கள். மழை மாதங்களில் உங்கள் குரலும் பிள்ளைகள் சேர்ந்து சொல்வதும்தான்.

கோத்தகிரி டீச்சர்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். எழுத்து வேண்டாம் என்றாலும் பிள்ளைகள் ரகசியமாகத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதையே அனுமதித்தால் என்ன? நாமே இங்கே தமிழ் எழுத்தில்தானே எழுதிக்கொள்கிறோம். இன்னொன்று, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை எப்போது தொடுவது?

கேத்தி வாசகர் எழுதியது:

டீச்சர், நாம் எழுதுவது ஏற்கனவே ஒலி தெரிந்தவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. "பேஸோ" என்று தமிழில் எழுதினால் அது பல நாடுகளின் நாணயமும் ஆகும், முத்தமும் ஆகும். முதல் ஒலி ஒன்றில் தொண்டை அதிராது, மற்றதில் அதிரும், தமிழ் எழுத்தில் வேறுபாடு தெரியாது. ஏழாம் வகுப்பில் இந்த இடத்தில் சிரிப்பு வெடித்தால் பீரியட் முடிகிற வரை அடங்காது. "தோஸ்" என்றால் இரண்டும் ஆகும், இருமலும் ஆகும். கழுத்தில் இரண்டு விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தமிழ் எழுத்தைவிட விரல் சரியாகச் சொல்லும்.

ரகசியமாக எழுதுவதைத் தடுக்கப் படம் வரையச் சொல்லுங்கள். தோக்கென் என்றால் ஒரு கை, மீரென் என்றால் ஒரு கண். மூன்றாம் வாரம் ஸ்பானிஷ் எழுத்தைக் காட்டும்போது ஏற்கனவே வாயில் உள்ள சொற்களை மட்டும் காட்டுங்கள். அப்போது "ஓலா"வின் முன்னால் ஒலிக்காத ஓர் எழுத்து நிற்பதை அவர்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள். கேள்விக்கு முன்னாலும் பின்னாலும் குறி உண்டு, முன்னால் வருவது தலைகீழாக நிற்கும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கு அதை எழுதுவதில் தனி ஆசை.

பால் வேறுபாட்டைத் தனிப் பாடமாக எடுக்காதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லையும் முன்னால் "எல்" (ஆண்பாலுக்கு), "லா" (பெண்பாலுக்கு) இல்லாமல் உங்கள் வாயிலிருந்து விடாதீர்கள், அவ்வளவுதான். லா மேஸா, எல் லீப்ரோ, லா புவேர்தா என்று ஒட்டியே பழகட்டும். "மேசை ஏன் சார் பொம்பளை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். காரணம் எதுவும் இல்லை, அது சொல்லின் வகுப்பு, பொருளின் தன்மை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். தமிழில் பொருள்களெல்லாம் அஃறிணை, அதனால் இந்த ஓர் இடத்தில் தமிழ் கைகொடுக்காது. முதல் நாளிலேயே தேவைப்படுவது ஒன்றே ஒன்று: சந்தோஷமாக இருக்கிறேன் என்று பையன் சொன்னால் "கோன்தென்தோ", பெண் சொன்னால் "கோன்தென்தா".

இரண்டாவது பீரியடிலேயே நாலு வாக்கியத்தைச் சுவரில் படமாக மாட்டிவிடுங்கள்: நோ என்தியேந்தோ (புரியவில்லை), ஓத்ரா வேஸ் போர் ஃபவோர் (இன்னொரு தடவை), மாஸ் தெஸ்பாஸியோ (மெதுவாக), புவேதோ இர் அல் பாஞோ (பாத்ரூம் போகலாமா). கடைசி வாக்கியம்தான் எல்லாருக்கும் முதலில் மனப்பாடம் ஆகும், அதைச் சொன்னால்தான் அனுமதி என்று வைத்துவிடுங்கள்.

பண்ணைக்காடு எழுதியது:

பழனி மலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்பானிஷ் எங்கே பேசுகிறார்கள் என்று வரைபடத்தைக் காட்டி இருபது நாட்டுப் பெயரை ஒப்பிக்கவைப்பதில் பயன் இல்லை. மலைப் பிள்ளைகளுக்கு உயரத்தைக் காட்டுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், மெக்சிகோ சிட்டியும் அதே 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், கொலம்பியாவின் தலைநகர் பொகோத்தா ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கிறது. ஈக்வடாரின் கீத்தோ இன்னும் மேலே, 2,850. போர்டில் ஒரு மலைக்கோடு வரைந்து ஒரு பக்கம் நம் ஊர்களையும் மறுபக்கம் அந்த ஊர்களையும் குறியுங்கள், ஐந்து நிமிட வேலை. "ஆஸே ஃப்ரீயோ" (குளிருது), "ஆய் நியேப்லா" (பனிமூட்டமா இருக்கு) என்பவை நமக்குத் தினமும் தேவைப்படும் வாக்கியங்கள். இரண்டாவது பீரியடிலிருந்து ஜன்னலைக் காட்டி வானிலை கேட்டுத்தான் வகுப்பைத் தொடங்க வேண்டும்.

"மே கூஸ்தா" வேலைக்குப் படம் வேண்டாம், சந்தைப் பை போதும். நம் மலையில் விளைவதில் பாதி அந்த நாடுகளிலிருந்து வந்ததுதான். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையிலிருந்து, சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து, மரத்தக்காளி ஆண்டிஸிலிருந்து. சௌசௌவுக்கு ஸ்பானிஷில் "சயோத்தே", பட்டர் ஃப்ரூட்டுக்கு "அகுவகாத்தே". ஒரு பையில் ஆறு பொருள் போதும்: உருளை, சௌசௌ, தக்காளி, பட்டர் ஃப்ரூட், மிளகாய், ஒரு பூண்டு. பூண்டு அமெரிக்காவிலிருந்து வந்ததில்லை, ஆனால் "ஆஹோ" என்று தொண்டையை உரசிச் சொல்லப் பழக அதைவிட நல்ல சொல் கிடைக்காது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் அதையே வையுங்கள். பொருளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "மே கூஸ்தா", "நோ மே கூஸ்தா" என்று கட்டைவிரலோடு சொல்லவையுங்கள். பட்டர் ஃப்ரூட்டுக்கு வகுப்பு இரண்டாகப் பிரியும், அப்போதுதான் வாக்கியத்துக்கு உயிர் வரும். ஒருமையில் மட்டும் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் காட்டினால் "மே கூஸ்தான்" என்று மாறும், அது பிறகு.

தமிழில் ஓர் உபயோகமான சொல்: கொயினா, அதாவது சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்து. சின்கோனா மரமும் ஆண்டிஸ் மலையிலிருந்து 1860-களில் நீலகிரிக்கு வந்தது, நடுவட்டத்தில் தொழிற்சாலையே இருந்தது. ஏழாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம், ஆறுக்கு வேண்டாம்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேசை, கதவு, ஜன்னலில் ஒட்டும் பெயர் அட்டைகளுக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மழைக்காலத்தில் மசி பரவிவிடும், அழியாத மார்க்கர் வாங்குங்கள். சுண்ணாம்புச் சுவரில் செல்லோ டேப் ஒரு வாரம் தாங்காது. வகுப்பின் குறுக்கே ஒரு நைலான் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுங்கள், சார்ட்டும் சுருளாது. அட்டையில் தமிழோ இங்கிலீஷோ சேர்த்து எழுதாதீர்கள், கண் அங்கேதான் போகும். "எல்" சொற்களுக்கு நீலம், "லா" சொற்களுக்குச் சிவப்பு என்று ஓரக்கோடு போட்டால் கேத்தி நண்பர் சொன்ன பால் வேறுபாடு பேச்சே இல்லாமல் பதியும். அட்டைகளை மூன்றாம் வாரம் மாட்டினால் போதும்.

பெற்றோருக்குத் தமிழில் அரைப் பக்கக் கடிதம் முதல் நாளே போகட்டும். ஒரு மாதத்தில் பிள்ளை என்ன சொல்லும் (பெயர், வயது, பிடித்தது, வானிலை), வீட்டில் அவர்கள் என்ன செய்யலாம் (இரவில் இரண்டு நிமிடம் கேட்டால் போதும், திருத்த வேண்டாம்), டியூஷன் தேவையில்லை, மூன்றையும் எழுதுங்கள். இதனால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது: ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் தேலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஏ1 என்ற தொடக்க நிலையில் தனித்தாள் உண்டு, அந்த நிறுவனத்தின் கிளை புதுதில்லியில் இருக்கிறது. ஆனால் முதல் வருடம் அந்தப் பேச்சைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள்.

கோத்தகிரி டீச்சர்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வாரம் தள்ளிச் சேரும் பிள்ளைகளை என்ன செய்வது? ஹாஸ்டல் சேர்க்கை ஜூலை வரை போகும்.

குன்னூர் மொழிப்பாடம்:

தனியாக உட்காரவைத்து முதலிலிருந்து நடத்தாதீர்கள். வாசலில் "ஓலா" எப்படியும் தினமும் நடக்கிறது, கட்டளைகளை மற்றவர்களைப் பார்த்தே செய்துவிடுவார்கள். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடியைப் போடுங்கள், ஆனால் வகுப்பிலேயே நன்றாகப் பேசும் பிள்ளையைப் போட வேண்டாம், அது எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும். நடுத்தரமான ஒரு பிள்ளையைப் போடுங்கள், கற்றுக்கொடுக்கும்போது அதற்கும் உறுதிப்படும். முதல் மூன்று பீரியட் புதுப் பிள்ளையிடம் தனியாகக் கேள்வி கேட்காதீர்கள். நாலாவது பீரியடில் நூல் உருண்டை வட்டத்தை மறுபடி ஒருமுறை நடத்துங்கள், எல்லாருக்கும் புதுக் கேள்வியாக வயதையும் சேர்த்து. அப்போது புதியவர், பழையவர் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான்.